நான்காவது அடுக்கில் சரியும் சாக்லேட்

உணவு அச்சு இயந்திரத்தில் முதன்முறையாகச் சாக்லேட்டை நிரப்பிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே அனுபவம்தான் வாய்க்கிறது. வெதுவெதுப்பான சிரிஞ்சின் முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் பளபளப்பான இழை இறங்குகிறது. விரித்து வைத்த பட்டர் தாளின்மேல் முதல் அடுக்கு கோடு பிசகாமல் படிகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அதன் முதுகில் ஒழுங்காக உட்காருகின்றன. நான்காவதோ ஐந்தாவதோ ஏறும்போது சுவரின் அடிப்பகுதி மெல்லப் பிதுங்குகிறது, மூலைகள் மழுங்குகின்றன, சதுரப் பெட்டியாகத் தொடங்கியது சற்று நேரத்தில் அடைபோலத் தட்டையாகப் படுத்துவிடுகிறது. உடனே பழி இயந்திரத்தின்மேல் விழுகிறது. முனையை மாற்றுகிறார்கள், வேகத்தைக் குறைக்கிறார்கள், மென்பொருளில் இருக்கும் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறார்கள். ஆனால் கோளாறு அநேகமாக இயந்திரத்தில் இருப்பதில்லை. சிரிஞ்சுக்குள் இருக்கும் சாக்லேட்டில் இருக்கிறது.

இயந்திரம் செய்யும் வேலை நமக்குப் புதிதன்று. முறுக்கு உரலில் மாவை அடைத்து அழுத்தினால் அச்சின் துளை வழியாக இழை இறங்குகிறது. கையைச் சுழற்றும் விதத்தில் வடிவம் அமைகிறது. அந்தக் கையின் இடத்தில் மூன்று திசைகளிலும் நகரும் ஒரு சட்டத்தையும், அழுத்தும் உள்ளங்கையின் இடத்தில் மோட்டார் சுழற்றும் திருகுத்தண்டையும் வைத்தால் உணவு அச்சு இயந்திரம் தயார். கணினியில் வரைந்த உருவத்தை மென்பொருள் மெல்லிய தகடுகளாக நறுக்கி, ஒவ்வொரு தகட்டுக்கும் முனை எந்தப் பாதையில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹாட் லிப்சனும் எவன் மலோனும் 2006இல் வெளியிட்ட ஃபேப்@ஹோம் என்ற திறந்த வடிவமைப்பு இப்படிப்பட்ட சிரிஞ்சு இயந்திரந்தான். அதில் ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட பொருள்களில் சாக்லேட்டும் ஒன்று. ஆக, இயந்திரப் பகுதி ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சாக்லேட் அச்சு வீட்டுச் சமையலறைகளில் பரவாமல் இருப்பதற்குக் காரணம், சாக்லேட்டிலுள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெயின் குணம்.

பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். வீட்டு முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 200 டிகிரி செல்சியஸில் முனையை விட்டு வெளியேறி, 60 டிகிரிக்குக் கீழே வந்தவுடன் இறுகிவிடுகிறது. அறை வெப்பநிலையோ 25 அல்லது 30. இறுகும் புள்ளிக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதால், விழுந்த இழை கண்மூடித் திறப்பதற்குள் கெட்டியாகி அடுத்த அடுக்கைத் தாங்கத் தயாராகிறது. பி.எல்.ஏ. இறுகுவதற்குச் சூடு இறங்கினால் போதும். சாக்லேட்டுக்கு அது போதாது. அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் வரிசை கட்டிப் படிகமாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். 32 டிகிரியில் வெளிவரும் இழை சில நொடிகளிலேயே குளிர்ந்துவிட்டாலும், அது உண்மையில் கெட்டிப்படப் பல நிமிடங்கள் ஆகலாம்.

கொக்கோ வெண்ணெய் ஒரே கொழுப்பாக இருந்தும் ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. 1966இல் வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஆறு வடிவங்களுக்கும் எண்ணிட்டு, அவற்றின் உருகுநிலைகளை அளந்து வெளியிட்டார்கள். முதலாவது 17 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், நான்காவது 27.5 டிகிரியில்; ஐந்தாவது ஏறத்தாழ 34 டிகிரியில்; ஆறாவது 36 டிகிரிக்குச் சற்று மேலே. இவற்றில் நமக்கு வேண்டியது ஐந்தாவது மட்டுமே. ஒடித்தால் 'டக்' என்று ஒடிவதும், மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னுவதும், விரலில் ஒட்டாமல் இருந்து நாக்கில் வைத்தவுடன் கரைவதும் அந்த ஐந்தாவது வடிவத்தின் குணங்கள். சாக்லேட்டை வெறுமனே உருக்கி ஆறவிட்டால் நான்காவது வடிவமும் அதற்குக் கீழுள்ளவையுமே முந்திக்கொள்கின்றன. அப்படி உறைந்த சாக்லேட் தொட்டால் குழையும். நாளடைவில் படிகங்கள் தாமாகவே வடிவம் மாற, மேலே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் படலம் விரியும். கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் குப்பையில் போடுவது இதைத்தான். சாப்பிடக் கூடாததாக எதுவும் ஆகிவிடவில்லை, பதம் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

பதம் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். சாக்லேட் தொழிலில் 'டெம்பரிங்' என்று சொல்லப்படும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழிகளில் இருக்கிறதா என்பதே சந்தேகம். வெல்லப்பாகில் ஒற்றைக் கம்பிக்கும் உருட்டுப் பதத்துக்கும் இடையே இருக்கும் நுட்பத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கறுப்புச் சாக்லேட்டை முதலில் 45 முதல் 50 டிகிரி வரை சூடேற்றிப் பழைய படிகங்களை எல்லாம் அழிக்க வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே 27 அல்லது 28 டிகிரிக்கு இறக்க வேண்டும். அப்போது நல்லதும் கெட்டதுமாகப் பலவகைப் படிகங்கள் முளைக்கின்றன. மறுபடி 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றினால் கெட்டவை உருகிப்போய், ஐந்தாம் வடிவத்தின் விதைகள் மட்டும் மிஞ்சும். பால் சாக்லேட்டுக்கும் வெள்ளைச் சாக்லேட்டுக்கும் இந்த எண்கள் இரண்டு மூன்று டிகிரி குறையும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தி முனையைச் சாக்லேட்டில் தோய்த்து, குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடம் வைப்பார்கள். கோடு கோடாகத் திட்டு விழாமல், ஒரே சீரான மினுமினுப்போடு இறுகினால் பதம் சரி.

வார்ப்பில் சாக்லேட் செய்பவருக்கு இந்தப் பதம் சில நிமிடங்கள் நின்றால் போதும். கலவையை வார்ப்பில் ஊற்றித் தட்டிக் குளிரவைத்துவிடுவார். அச்சு இயந்திரத்துக்கு அது மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். இழையின் அகலம் 0.8 மில்லிமீட்டர், அடுக்கின் உயரம் 0.6 மில்லிமீட்டர், முனை நகரும் வேகம் நொடிக்கு 20 மில்லிமீட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 10 கன மில்லிமீட்டர் சாக்லேட் வெளிவரும். சாக்லேட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிராம் என்பதால் இது நொடிக்கு 13 மில்லிகிராம். 100 கிராம் எடையுள்ள ஒரு பொருளை அச்சிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் சிரிஞ்சுக்குள் இருக்கும் சாக்லேட் சும்மா இருப்பதில்லை. விதைப் படிகங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. முதல் பத்து நிமிடம் தாராளமாக ஓடிய கலவை அரை மணி நேரத்தில் கூழாகி, பிறகு மோட்டார் முனகும் அளவுக்குத் தடித்துவிடுகிறது. தடித்ததே என்று வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டினால் விதைகள் எல்லாம் உருகிவிடும்.

வெப்பத்தைக் கூட்டும் இந்தத் தவறு ஏமாற்றக்கூடியது. வெப்பம் 34 டிகிரியைத் தாண்டினால் சாக்லேட் முன்னைவிட அழகாக ஓடும். இழை அறுபடாது, கோடுகள் துல்லியமாக விழும், செய்பவருக்கு 'இப்போதுதான் சரியாக வந்தது' என்று தோன்றும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் கெட்டியாகவும் இருக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் குட்டு வெளிப்படும்: மேற்பரப்பு மங்கி, வெள்ளைத் திட்டுகள் பூத்து, ஒடித்தால் ஓசையில்லாமல் பிய்யும். தவறு நடந்த நேரத்துக்கும் அது கண்ணுக்குத் தெரியும் நேரத்துக்கும் இடையே ஒரு நாள் ஓடிவிடுவதால், எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிறது. வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்காமல் சாக்லேட் அச்சில் சோதனை செய்வது வீண் வேலை என்றே சொல்வேன்.

சிரிஞ்சின் பருமனும் இதில் ஒரு காரணம். சாக்லேட் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அதை நிரப்பினால், சுவரில் வைத்திருக்கும் வெப்பநிலை நடுப்பகுதியை எட்டக் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை ஆகும். சூடேற்றியின் உணரி சுவரில் ஒட்டியிருக்கிறது. அது 32 என்று காட்டும்போது நடுவில் இருப்பது 29ஆகவும் இருக்கலாம், 35ஆகவும் இருக்கலாம். ஆகவே சிரிஞ்சுக்குள்ளேயே உருக்கி அங்கேயே பதமும் பார்க்கலாம் என்ற எண்ணம் நடைமுறையில் எடுபடுவதில்லை. வெளியே கிண்ணத்தில் பதம் பார்த்து, முன்கூட்டியே அதே சூட்டுக்குக் கொண்டுவந்த சிரிஞ்சில் ஊற்றுவதே நம்பகமான வழி. சூடேற்றும் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனை தனிப் பிரச்சினை. மின்விசிறிக் காற்று அதன்மேல் பட்டால் உள்ளே இருக்கும் கடுகளவு சாக்லேட் உறைந்து அடைப்பானாக மாறிவிடும். பின்னாலிருந்து மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்க, அடைப்பு திடீரென விடுபட்டு ஒரு பெரிய சொட்டு நடுக்கோட்டில் விழும்.

பதம் சரியாக இருந்தும் சுவர் ஏன் சரிகிறது என்ற கேள்விக்கு வருவோம். சாக்லேட் தண்ணீர்போல் ஓடும் திரவம் இல்லை. உருகிய கொழுப்புக்குள் 20 அல்லது 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள சர்க்கரை, கொக்கோத் துகள்கள் அடர்த்தியாக மிதக்கும் குழம்பு அது. அதனால் குறிப்பிட்ட அளவு அழுத்தம் கொடுக்கும்வரை அது அசையாமல் நிற்கும், அந்த வரம்பைத் தாண்டினால்தான் ஓடத் தொடங்கும். இட்லி மாவைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒரு கணம் தயங்கிப் பிறகு விழுவதும் இதே குணத்தால்தான். இழை உண்மையில் கெட்டிப்படுவதற்கு முந்தைய நிமிடங்களில் சுவரைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் தயக்கம் மட்டுமே. சாக்லேட்டில் இந்த வரம்பு, அழுத்தத்தின் அலகான பாஸ்கலில், 20 என்று வைத்துக்கொண்டால், தன் எடையைத் தானே தாங்கி நிற்கக்கூடிய உயரம் தோராயமாக இரண்டு மில்லிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் பார்த்தால் மூன்று, அல்லது கொஞ்சம் தாராளமாக நான்கு. நான்காவது அடுக்கில் சுவர் பிதுங்குவது இந்தக் கணக்கின்படிதான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கடையில் கிடைக்கும் நல்ல சாக்லேட், அதாவது தொழில்முறையில் கூவெர்ச்சர் என்று அழைக்கப்படும் வகை, வார்ப்பின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்ப வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்படுகிறது. அதில் கொக்கோ வெண்ணெய் அதிகம். ஐரோப்பியச் சட்டப்படி குறைந்தது 31 சதவீதம். லெசித்தின் என்ற பால்மமாக்கியைச் சேர்ப்பதால் குழம்பு இளகுகிறது. பி.ஜி.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டுப்பொருள், மேலே சொன்ன அந்தத் தயக்கத்தையே ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும். வார்ப்புக்கு இவை வரம். அச்சு இயந்திரத்துக்குச் சாபம். விலை உயர்ந்த, நன்றாக ஓடக்கூடிய சாக்லேட்டை வாங்கி வந்து அச்சிடப் பார்த்துத் தோற்பவர்கள், அதைவிடச் சற்று மந்தமாக ஓடும் சாக்லேட்டில் எளிதாக வெற்றி பெறுவதற்குக் காரணம் இதுவே. கேக்கின்மேல் பெயர் எழுதும் பேக்கரிக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். உருகிய சாக்லேட்டில் கிளிசரினோ சர்க்கரைப் பாகோ சில சொட்டுகள் விட்டுக் கலக்கினால் அது உடனே தடித்து, எழுத்து பரவாமல் நிற்கும். நீர் பட்டால் சாக்லேட் திரிந்துவிடும் என்று நாம் அஞ்சும் அதே விளைவை அளவோடு பயன்படுத்தும் உத்தி இது. அளவு மீறினால் முனை அடைத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதே சிக்கலை வேறு வழியில் அணுகினார்கள். மாத்திரை தயாரிப்பில் மசகுப் பொருளாகப் பயன்படும் மெக்னீசியம் ஸ்டியரேட் தூளைச் சாக்லேட்டில் சிறிதளவு கலந்தபோது, இயந்திரத்துக்குள் அது சீராக நகர்ந்ததையும், அச்சிட்ட உருவம் மேலும் நிலையாக நின்றதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். உருவத்துக்குள் தாங்குசுவர்களைச் சேர்த்து வரைந்தால் சரிவு எவ்வளவு குறைகிறது என்றும் அளந்து பார்த்தார்கள். கட்டடப் பொறியாளர் யோசிப்பதைப்போல அவர்கள் யோசித்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வெப்பக் கணக்கும் சாக்லேட்டுக்குச் சாதகமாக இல்லை. ஒரு கிராம் சாக்லேட்டை 32 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிர்விக்கச் சுமார் 20 ஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். ஆனால் அதிலுள்ள கொழுப்பு படிகமாகும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் உள்ளிருந்தே வெளிப்படுகிறது. சிறிய உருவங்களில் சிக்கல் இதனால் கூடுகிறது; ஒரு சுற்று சீக்கிரமே முடிந்து முனை அதே இடத்துக்குத் திரும்பி வருவதால், கீழ் அடுக்கு தன் வெப்பத்தை விட்டு முடிப்பதற்குள் மேலே அடுத்தது ஏறிவிடுகிறது. ஒரே உருவத்தை அச்சிடுவதைவிட, தட்டில் நான்கைந்து உருவங்களை வைத்து மாறி மாறி ஒவ்வொரு அடுக்காக ஏற்றினால் நன்றாக வருவது இதனால்தான். குளிர்ந்த காற்றை அடுக்கின்மேல் வீசச் செய்வது இன்னொரு வழி, முனையின்மேல் படாதபடி பார்த்துக்கொண்டால்.

அறையின் சூட்டை மறந்துவிட்டு இதையெல்லாம் பேச முடியாது. சாக்லேட் வேலைக்கு ஏற்ற அறை 18 முதல் 20 டிகிரி என்று ஐரோப்பியச் சமையற்கலைஞர்கள் சொல்வார்கள். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதத்தில் அறையே 34, 35 டிகிரியில் இருக்கிறது. ஐந்தாம் வடிவப் படிகம் உருகும் வெப்பநிலை அதுதான். அப்படிப்பட்ட அறையில் சிரிஞ்சுக்குச் சூடேற்றி தேவையில்லை, குளிர்விப்பான்தான் தேவை. குளிரூட்டிய அறை இல்லாமல் நம் ஊரில் இந்தச் சோதனையைத் தொடங்குவதில் பொருளில்லை. அச்சிட்டதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்றால், வெளியே எடுத்தவுடன் காற்றின் ஈரம் அதன்மேல் வேர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் சொரசொரப்பான வெள்ளைப் படலத்தை விட்டுச் செல்லும். இது கொழுப்புப் பூத்ததைப் போலவே தோன்றினாலும் காரணம் வேறு. விரலால் தேய்த்தால் கொழுப்புப் படலம் கரையும், சர்க்கரைப் படலம் கரையாது.

இத்தனை தொல்லைகளையும் தெரிந்துகொண்டுதான் நிறுவனங்கள் களத்தில் இறங்கின. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் லியாங் ஹாவ் தலைமையிலான குழு, சாக்லேட்டுக்கென்றே வடிவமைத்த அச்சு இயந்திரத்தை 2011இல் அறிவித்தது. பின்னர் சாக் எட்ஜ் என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் ஹெர்ஷி நிறுவனமும் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனமும் 2014இல் கைகோத்து, கோக்கோஜெட் என்ற இயந்திரத்தைப் பென்சில்வேனியாவிலுள்ள ஹெர்ஷி காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தன. அது வீட்டுக்கு வந்து சேரவில்லை. 2020 பிப்ரவரியில், உலகின் மிகப்பெரிய சாக்லேட் உற்பத்தியாளரான சுவிட்சர்லாந்தின் பேரி காலெபாட், மோனா லிசா 3டி ஸ்டூடியோ என்ற பெயரில் பெரிய அளவில் அச்சிட்டுத் தரும் சேவையைத் தொடங்கியது. ஸ்பெயினின் புகழ்பெற்ற இனிப்புக் கலைஞர் ஜோர்டி ரோக்கா அதற்கு முதல் வடிவத்தைச் செய்து கொடுத்தார். சூடான சாக்லேட் சாறு பட்டவுடன் மலர்ந்து விரியும் கொக்கோப் பூ அது. பதம் பார்ப்பதற்குத் தனி ஆலையும், அதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கும் நிறுவனத்துக்கு இது இயலும். மேசைமேல் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டிருப்பவர் வேறு வழி தேட வேண்டும்.

அந்த வேறு வழிகளில் மிக எளியது, கொழுப்பையே மாற்றிவிடுவது. பிலடெல்பியாவில் எல்லி வைன்ஸ்டீன் உருவாக்கிய கோக்கோ பிரஸ் என்ற சாக்லேட் அச்சு இயந்திரம், பொருத்திக்கொள்ளும் உதிரிகளாக 2023இல் விற்பனைக்கு வந்தது. அதற்கென்று தரப்படும் 70 கிராம் உருளைகளில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாமாயில் சார்ந்த கொழுப்பு இருப்பதால் பதம் பார்க்கும் வேலையே இல்லை. நம் ஊரில் வீட்டில் கேக் செய்பவர்கள் 'காம்பவுண்ட்' என்று சொல்லி வாங்கும் பாளங்களும் இதே இனம்தான். உருக்கினால் ஓடும், ஆறினால் இறுகும், பளபளப்பும் ஓரளவு கிடைக்கும். அச்சு இயந்திரத்தைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் வாயில் போட்டால் மெழுகுபோல் சற்று நேரம் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். அதைச் சாக்லேட் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐரோப்பியச் சட்டமும் ஒப்பவில்லை. கொக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போனால் அங்கே சாக்லேட் என்ற பெயரில் விற்க முடியாது. அந்த 5 சதவீதத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆறு கொழுப்புகளில் சால் விதை, கோகம், மாங்கொட்டைப் பருப்பு ஆகிய மூன்றும் நம் நாட்டில் விளைபவை என்பது உபரிச் செய்தி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: முந்தைய முறை காம்பவுண்ட் நிரப்பிய சிரிஞ்சைச் சரியாகத் துடைக்காமல் அதில் உண்மையான சாக்லேட்டை நிரப்பக் கூடாது. பாமாயில் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் செய்த காம்பவுண்டும் கொக்கோ வெண்ணெயும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், கலவை இரண்டையும்விட மெதுமெதுப்பாகிவிடும்.

கொழுப்பு கெட்டிப்படுவதை நம்பாமலேயே அச்சிட முடியுமா என்று கேட்டது சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம். ராகுல் கரியப்பாவும் மிச்சினாவோ ஹஷிமோட்டோவும் 2019இல் வெளியிட்ட முறையில், கடையில் கிடைக்கும் சாக்லேட் சிரப்பிலும் பசையிலும் கொக்கோத் தூளைக் கலந்து, சூடேற்றாமல் அறை வெப்பநிலையிலேயே அச்சிடுகிறார்கள். தூள் கூடக்கூட அந்தத் தயக்கத்தின் வரம்பு உயர்கிறது, சுவர் நிற்கிறது. வெப்பநிலைத் தொல்லை அடியோடு தீர்ந்துவிடுகிறது என்றாலும், கிடைப்பது ஒடிக்கக்கூடிய சாக்லேட் இல்லை, கெட்டியான சாக்லேட் விழுது. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அலெஹாண்ட்ரோ மரங்கோனியின் குழு 2021இல் கண்டறிந்த வழி இதற்கு நேர்மாறானது. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பினப் பொருளில் குறிப்பிட்ட ஒரு வகையை 0.1 சதவீதம் சேர்த்தாலே, சூடேற்றி இறக்கி மறுபடி ஏற்றும் நடைமுறை இல்லாமல் சாக்லேட் நேரடியாக ஐந்தாம் வடிவத்தில் உறைகிறது என்றார்கள். அச்சுக்காகச் செய்த ஆய்வு இல்லை அது. ஆயினும் பதத்தைக் கருவியிலிருந்து பொருளுக்குள்ளேயே நகர்த்திவிடும் இந்த வழியே, மேசைமேல் இருக்கும் இயந்திரத்துக்கு எல்லாவற்றையும்விட உதவும் என்று நினைக்கிறேன். இன்றைக்கே செய்யக்கூடியது, தூளாக்கிய கொக்கோ வெண்ணெயைச் சுமார் 1 சதவீதம் எடுத்து 34 டிகிரி அளவில் விதையாகத் தூவுவது. இதற்கென்று தனித் தூளே விற்கிறார்கள்.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்குக்காக எழுதப்பட்ட மென்பொருள் இங்கே காலை வாரிவிடும். பிளாஸ்டிக் இயந்திரம் ஒரு கோட்டை முடித்தவுடன் இழையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வெற்றிடத்தைத் தாண்டி வேறிடத்தில் தொடங்கும். சிரிஞ்சில் அழுத்தம் நிறுத்தியவுடன் நிற்பதில்லை. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் ஸ்பிரிங்போல் விரிந்து இன்னும் கொஞ்சம் தள்ளும். தாண்டிய வழியெங்கும் நூல் தொங்கும், புதிய கோட்டின் தொடக்கம் வெறுமையாக இருக்கும். தேர்ந்தவர்கள் இதற்குக் கண்ட தீர்வு, முனையைத் தூக்கவே தேவையில்லாதபடி உருவத்தை வரைவது. கையெடுக்காமல் ஒரே இழையாகச் சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே முடியும் சிக்குக் கோலம் சாக்லேட் அச்சுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் மட்டும் சிறு மேடு விழும். முதல் முயற்சிக்கு ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை மூன்று அடுக்கில் போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு சிரமப்பட்டு அச்சிடுவதில் பயன் என்ன என்ற கேள்வி நியாயமானது. ஒரே வடிவத்தில் நூறு சாக்லேட் வேண்டுமானால் பாலிகார்பனேட் வார்ப்பு ஒன்று போதும். இரண்டு மணி நேரத்தில் இயந்திரம் செய்வதை அது இரண்டு நிமிடத்தில் செய்துவிடும், மேற்பரப்பும் இயந்திரத்தால் எட்டவே முடியாத அளவுக்கு வழவழப்பாக இருக்கும். பிறந்தநாளுக்குப் பெயர் எழுதுவது போன்ற ஒற்றைத் தேவைகளைக் கையால் கூம்புப் பையில் பிழிபவரே விரைவாகச் செய்துவிடுவார். வார்ப்பாலும் கையாலும் முடியாத ஒன்று உண்டென்றால், அது சாக்லேட்டின் உள்ளமைப்பை வரைவது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் கோரென்டின் கூலே குழு 2022இல் இதைச் செய்து காட்டியது. பதம் பார்த்த சாக்லேட்டை வளைந்து வளைந்து செல்லும் சுருள்களாக அச்சிட்டு, ஒரு கடிக்கு எத்தனை முறை அது உடைகிறது என்பதைச் சுருளின் மடிப்புகளைக் கொண்டே தீர்மானித்தார்கள். ஒரு திசையில் கடித்தால் பல விரிசல்கள்; அதையே திருப்பி வைத்துக் கடித்தால் ஒன்றோ இரண்டோ. சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அதிக முறை உடைந்ததையே விரும்பினார்கள். பொருளை மாற்றாமல் வடிவத்தால் மட்டும் மொறுமொறுப்பைக் கூட்டுவது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தேன்குழல். உள்ளே துளை இருப்பதால்தான் அது அப்படி நொறுங்குகிறது.

வீட்டில் முயல விரும்புவோர் கவனிக்க வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில உண்டு. சாதாரணப் பித்தளை முனைகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு முனையே உணவுக்கு ஏற்றது. பிளாஸ்டிக் அச்சிட்ட இயந்திரத்தையே சாக்லேட்டுக்கும் பயன்படுத்துவோர், உணவு தொடும் பாகம் எதுவும் பழையதாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாக்லேட்டில் நீர் குறைவு என்பதால் கிருமிகள் அதில் பெருகுவதில்லை. ஆனால் உள்ளே நுழைந்த சால்மோனெல்லா போன்றவை நெடுநாள் உயிரோடு கிடக்கும். கழுவிய சிரிஞ்சில் ஒரு துளி நீர் தங்கியிருந்தாலும் அடுத்த முறை நிரப்பும் சாக்லேட் திரிந்துவிடும். எனவே கழுவியதை ஓர் இரவு முழுக்க உலரவிட வேண்டும். முனை 0.4 மில்லிமீட்டராக இருந்தால் நுணுக்கம் கூடும் என்று ஆசைப்படுவதைவிட, 0.8 அல்லது 1 மில்லிமீட்டரில் தொடங்குவது நல்லது.

தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முப்பரிமாண உணவு அச்சுக்கென்று சொந்தமாகவே இயந்திரம் வடிவமைத்து, முட்டை, அரிசி மாவுச்சத்து, காளான் என்று பல பொருள்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே அச்சிடும் பெரும்பாலானவற்றை அச்சிட்டபின் வேகவைக்கவோ உலர்த்தவோ பொரிக்கவோ வேண்டும். உருவம் நிலைபெறுவது அந்த இரண்டாவது கட்டத்தில்தான். சாக்லேட்டுக்கு இரண்டாவது கட்டம் கிடையாது. முனையை விட்டு இறங்கிய சில நிமிடங்களுக்குள், அந்த அறையின் சூட்டிலேயே, எல்லாம் முடிவாகிவிடுகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவிலிருந்து சிறு தயாரிப்பாளர்கள் இப்போது நல்ல சாக்லேட் செய்கிறார்கள். அதை இங்கேயே அச்சிட்டுப் பார்க்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது அச்சு இயந்திரம் இல்லை; பத்தில் ஒரு டிகிரி காட்டும் வெப்பமானியும், 20 டிகிரியில் நிற்கும் ஓர் அறையும்.